முட்டி வலி போன பிறகு

முட்டி வீங்கிக் காய்ச்சலோடு படுத்த பிள்ளை நான்கைந்து நாளில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அப்பா நினைப்பார். ‘வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்’ என்று பாட்டி சொன்னதும் சரியாகிவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட சில பிள்ளைகளுக்கு முட்டி வலி போன பிறகும் நோய் போவதில்லை. மூட்டில் ஒரு தடயமும் வைக்காமல் விலகிவிட்டு, இதயத்தின் வால்வில் தங்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வால்வில் அது விட்டுச்செல்லும் சேதம் ருமாட்டிக் இதய நோய்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 5.5 கோடிப் பேர் இந்த இதய நோயோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் இதனால் இறக்கிறார்கள். இறப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்த நோயைத் தடுக்கும் மருந்து பெனிசிலின். நம்மிடம் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளிலேயே பழையதும் மலிவானதும் அதுதான். மருந்து தெரியாத காலத்து நோயென்றால் ஆற்றிக்கொள்ளலாம். மருந்து கையில் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பள்ளிப் பிள்ளைகளின் வால்வு கெட்டுக்கொண்டிருப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எல்லாம் தொண்டையில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், கரகரத்த குரல் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வரும் விதம் வேறு. திடீரென்று காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கவே பிள்ளை அழும். டான்சில் சிவந்து அதன்மேல் வெள்ளைத் திட்டுகளாகச் சீழ் படிந்திருக்கும். தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கும். இருமலோ சளியோ இராது. இதுவும்கூடச் சிகிச்சை இல்லாமலே சில நாளில் அடங்கிவிடும். சிக்கலே அங்கேதான்.

பாக்டீரியாவின் மேற்பரப்பில் ‘எம்’ புரதம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சில பகுதிகள் நம் இதயத் தசையில் உள்ள மயோசின் புரதத்தின் சில பகுதிகளைப் பெரிதும் ஒத்தவை. கிருமியை ஒழிப்பதற்காக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களும் வெள்ளை அணுக்களும் கிருமி போன பிறகு சொந்த உடலையே தாக்கத் தொடங்குகின்றன: மூட்டு, தோல், மூளையின் ஒரு பகுதி, எல்லாவற்றுக்கும் மேலாக இதயம். தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்தே இது வெளியே தெரியும். அதனால்தான் தொண்டை வலியையும் முட்டி வலியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை. பரம்பரையாக வரும் ஏதோ ஒரு வாகு வேண்டும். ஆனால் ஒருமுறை வந்த பிள்ளைக்கு, அடுத்த ஸ்ட்ரெப் தொற்றில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு முறை வரும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடுகிறது.

முதலில் அடிபடுவது, இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு. தொடக்கத்தில் அதன் இதழ்கள் சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். வருடக்கணக்கில் தழும்பு ஏறி இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும், வழி குறுகிவிடும். மேலை நாடுகளில் இந்தக் குறுக்கம் நடுவயதில்தான் தெரியவரும் என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தன. இந்தியாவில் இருபது வயதைத் தொடாத பிள்ளைகளிடமே கடுமையான மைட்ரல் குறுக்கம் இருப்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் சுஜய் ராயும் உடன் பணியாற்றியவர்களும் 1963-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் எனப் பெயர் பெற்ற எஸ். பத்மாவதியும் அதே காலத்தில் டெல்லியில் இந்த நோயைப் பற்றிக் கள ஆய்வு செய்தார். 1917-இல் பர்மாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர் அவர். 2020-இல், 103-ஆவது வயதில் கோவிட் தொற்றால் காலமானார். அவர் தொழில் தொடங்கிய காலத்தில் நம் நாட்டு இதய வார்டுகளில் கட்டிலை நிறைத்தவர்கள் மாரடைப்புக்காரர்கள் அல்ல, வால்வு கெட்ட இளையவர்கள்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘வளர்ற வலி’ என்று நாம் சொல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலும் வலிக்கும், தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும், மூட்டு வலிக்காது, வீக்கம் இருக்காது, பிடித்துவிட்டால் தூங்கிவிடும், காலையில் எதுவும் நடக்காததுபோல ஓடும். ருமாட்டிக் காய்ச்சலில் மூட்டே வீங்கிச் சுடும். போர்வை பட்டாலும் பிள்ளை அலறும், கால் ஊன்றாது. இன்று வலது முட்டி, இரண்டு நாளில் அது சரியாகி இடது கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். இந்த இடமாற்றம்தான் மருத்துவருக்குப் பெரிய துப்பு. அதை நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளுக்கு இந்த மூட்டு வீக்கம் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். டாக்டர் பார்க்கும்போது வீக்கமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. மூட்டு வீங்கியிருந்தால் டாக்டர் பார்க்கும்வரை வெறும் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை வால்வைக் காப்பாற்றுவதும் இல்லை, வலியைத்தான் போக்கும்.

ஒரே மூட்டு ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியே இருக்கிறது, காலையில் எழுந்ததும் விறைப்பு, வெயில் ஏற ஏறச் சரியாகிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். சிறார் மூட்டழற்சி என்ற அந்த நோயையும் தள்ளிப்போடக் கூடாது, கண்ணையும் பாதிக்கும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ருமாட்டிக் காய்ச்சலை உறுதி செய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த அடையாளப் பட்டியலைத்தான் இன்றும் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். இந்த நோய் பரவலாக உள்ள ஊர்களில் ஒற்றை மூட்டு வீக்கத்தையும் கணக்கில் எடுக்கலாம், காதில் கேட்காமல் எக்கோ என்ற இதய ஸ்கேனில் மட்டும் தெரியும் வால்வுக் கசிவையும் சேர்க்கலாம் என்று 2015-இல் செய்த திருத்தம் நம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமானது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏ.எஸ்.ஓ. என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கால் வலி என்று போன பிள்ளைக்கு அதில் எண் கூடியிருந்தால் அதையே ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுகட்டி வருடக்கணக்கில் ஊசி போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அண்மையில் ஸ்ட்ரெப் தொற்று வந்துபோனது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. நலமாக இருக்கும் பள்ளிப் பிள்ளைகளிலும் பலருக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும். நோயுள்ள பிள்ளையைத் தவறவிடுவது ஒரு தீங்கு என்றால், நோயில்லாத பிள்ளையை இதய நோயாளி என்று முத்திரை குத்தி வீட்டில் உட்காரவைப்பதும் தீங்குதான்.

மூட்டையும்விட எளிதில் கண்ணுக்குத் தப்பும் அடையாளம் ஒன்று உண்டு. அதை முதலில் பார்க்கப்போவது வகுப்பாசிரியர்தான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஜூன் மாத நோட்டில் அவள் எழுத்து கோட்டின்மேல் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆகஸ்டில் அதே கை எழுதிய ‘ழ’வின் வால் அடுத்த வரியைக் குத்துகிறது, பேனா திடீரென்று இழுத்துக்கொண்டு ஓரம்வரை போகிறது. டிபன் பாக்ஸைத் தவறவிடுகிறாள். காரணமில்லாமல் அழுகிறாள், அடுத்த நிமிஷம் சிரிக்கிறாள். வரிசையில் நேராக நிற்கச் சொன்னால் தோளும் முகமும் தானாகத் துடிக்கின்றன. ‘கொழுப்பு’, ‘கவனமில்லை’, ‘வயசுக்கோளாறு’ என்று திட்டு விழும். சில ஊர்களில் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பதும் நடக்கிறது. ஆசிரியர் தன் இரண்டு விரலைக் கொடுத்து ‘இறுக்கிப் பிடிம்மா’ என்று சொல்லிப் பார்க்கலாம். பிடி நிலைக்காது, இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டியபடி வைத்திருக்க முடியாமல் உள்ளே இழுத்துக்கொள்வாள். தூங்கும்போது அசைவுகள் எல்லாம் நின்றுவிடும். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686-இல் விவரித்த இந்தக் ‘கொரியா’ பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. தொண்டை வலி வந்து ஆறு மாதம் வரைகூடக் கழித்து வரும் என்பதால் அப்போது ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கலாம். சில வாரங்களிலோ மாதங்களிலோ அசைவுகள் தானாக நின்றுபோகும். ஆனால் இப்படி வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எக்கோ எடுத்தாக வேண்டும். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், வேறு காரணங்கள் இல்லை என்று தெளிந்தால், இதை மட்டும் வைத்தே ருமாட்டிக் காய்ச்சலை உறுதி செய்யலாம்.

இவ்வளவு அடையாளமும் இல்லாமல் சத்தமின்றி வால்வு கெடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதில் நாம் நெடுங்காலம் நம்பியிருந்தது ஸ்டெதாஸ்கோப்பை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒலிக்க, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்று நெஞ்சில் வைத்துப் பார்க்கிறது. நலமான பிள்ளைகளிலேயே பலருக்கு இதயத்தில் தீங்கற்ற முணுமுணுப்பு ஒலி கேட்கும். கெட்டுப்போகத் தொடங்கிய வால்வோ மௌனமாக இருக்கும். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு விதமாகவும் பரிசோதித்த ஆய்வொன்று 2007-இல் வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. கம்போடியாவில் 3677 பிள்ளைகளில் ஸ்டெதாஸ்கோப் கண்டது 8 பேரை. எக்கோ கண்டது 79 பேரை. மொசாம்பிக்கில் 2170 பிள்ளைகளில் 5 பேர், 66 பேர். இந்தியாவிலும் இதே கதைதான். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் அனிதா சக்சேனா தலைமையில் எய்ம்ஸ் மருத்துவர்கள் 6270 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் ஆயிரத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எக்கோவில் ஆயிரத்துக்கு 20 பேர் தெரிந்தார்கள்.

அந்த 20 பேரும் நோயாளிகளா என்ற கேள்வி உடனே எழுந்தது. சிலருடைய எக்கோவில் தெரியும் மாற்றம் ஓரிரு ஆண்டில் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஊசி போட்டால் பலன் இருக்குமா, வீண் வேதனையா? வடக்கு உகாண்டாவில் பதில் தேடினார்கள். ‘குழந்தையின் இதயத்தைக் காப்போம்’ என்று அச்சோலி மொழியில் பெயர் வைத்த ஆய்வு அது. 1,02,200 பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்து, மறைந்திருக்கும் நோய் உள்ள 818 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போடாத பிரிவில் 33 பேருக்கு நோய் முற்றியிருந்தது. போட்ட பிரிவில் 3 பேருக்கு மட்டும். நோய் வெளியே தெரியும் முன்பே பிடித்துவிட்டால் நிறுத்த முடியும் என்பதற்கு இதற்கு முன் இவ்வளவு உறுதியான சான்று இருந்ததில்லை.

அதற்காகத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் எக்கோ எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2001-02-இல் கிராமப்புறப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது கண்ட விகிதம் ஆயிரத்துக்கு 0.68 மட்டுமே. அது ஸ்டெதாஸ்கோப்பில் தொடங்கிய கணக்கு என்பதால் மறைந்திருந்தவர்கள் அதில் வரவில்லை. என்றாலும் முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் நோய் குறைந்திருப்பது உண்மை. நோய் குறைந்த இடத்தில் எல்லோருக்கும் கருவியை வைத்தால் சந்தேகக் கேஸ்கள்தான் பெருகும். நெருக்கமான குடியிருப்புகள், செங்கல் சூளைப் பிள்ளைகள், வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஏற்கெனவே நோய் வந்த பிள்ளையின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் என்று தேடிப்போய்க் கையடக்க எக்கோவால் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் பரிசோதிக்கச் சொல்லும் 30 குறைபாடுகளில் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருகிறது. வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

தொண்டையிலேயே தடுப்பது இன்னும் நல்லது. அது முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள். வயோமிங் மாநிலத்தின் வாரன் படைத்தளத்தில், கொட்டடியில் நெருக்கமாகப் படுத்திருந்த இளம் வீரர்களிடையே ஸ்ட்ரெப் தொண்டை வலி ஓயாமல் பரவிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பெனிசிலின் கொடுத்தால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது என்று 1950-இல் எழுதினார்கள். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் கொடுத்தால்கூடப் போதும். ஒரே ஒரு நீண்டகாலப் பெனிசிலின் ஊசி, இல்லையென்றால் பத்து நாள் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் கிருமி முழுதும் போயிருக்காது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் பத்தாண்டு, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளின் பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடையே ருமாட்டிக் இதய நோய் ஆயிரத்துக்கு 2.27-லிருந்து 0.24 ஆக இறங்கியது. பெரிய கருவி எதையும் அவர்கள் வாங்கவில்லை.

ஒருமுறை நோய் வந்துவிட்ட பிள்ளைக்குத்தான் நெடும்பயணம். பென்சத்தின் பெனிசிலின் ஊசி, நம் ஊர்ப் பேச்சில் ‘பெனிடியூர்’ அல்லது ‘21 நாள் ஊசி’. இதயம் பாதிக்கப்படவில்லை என்றால் குறைந்தது ஐந்து ஆண்டு; பாதிக்கப்பட்டிருந்தால் பத்து ஆண்டு, இருபதுகளின் நடுப்பகுதி வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. தூளில் நீர் விட்டுக் குலுக்கினால் வெள்ளையாகக் கெட்டியாக நிற்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். தடித்த ஊசியில் இடுப்பிலோ தொடையிலோ போட வேண்டும். இரண்டு நாள் நொண்ட வைக்கும். பிள்ளைகள் இந்த ஊசிக்குப் பயந்து ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை. குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கி, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். மரத்துப்போகும் மருந்தைக் கலந்து போடுகிறவர்களும் உண்டு. அந்த இரண்டு நிமிடப் பொறுமைதான் பிள்ளை அடுத்த முறை வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிள்ளைக்கு வலி பயம் என்றால், போடுகிறவருக்கு வேறு பயம். பெனிசிலின் ஒவ்வாமையில் யாராவது இறந்துவிட்டால் என்ன செய்வது என்று பல கிளினிக்குகள் ஊசியைத் தொடவே மறுக்கின்றன. சீட்டை வைத்துக்கொண்டு அம்மாக்கள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவார்கள். ஒருநாள் கூலி போகும். ஒரு தவணை தப்பும், பிறகு இரண்டு. 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 1790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளில் கடுமையான ஒவ்வாமை வந்தது 4 பேருக்கு, இறந்தவர் ஒருவர். அந்த ஒரு உயிரும் உயிர்தான். ஆனால் அட்ரினலின் தயாராக வைத்து, ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைக்கும் ஏற்பாடு இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் போடலாம். ஊசி கிடைக்காமல் நோய் திரும்பி வந்து வால்வு கெட்டு இறப்பவர்களின் எண்ணிக்கை எந்தக் கிளினிக்கின் கணக்கிலும் வருவதில்லை.

கண்டுபிடிப்பதையெல்லாம் வீணாக்கும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. அது பெண் பிள்ளைகளுக்கே உரியது. பதினெட்டு வயதுவரை அம்மாவோடு போய் ஊசி போட்டுக்கொண்டவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் ‘இதய நோயென்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?’ என்று ஊசி அட்டையைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். வேற்றூரில் வாழப்போன இடத்தில் அவளும் வாய் திறப்பதில்லை. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறத்தாழப் பாதி கூடுகிறது. குறுகிய மைட்ரல் வால்வால் அதைத் தாங்க முடியாது. ஏழாம் எட்டாம் மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நள்ளிரவில் ஜி.எச்.சுக்கு வருகிறாள், நுரையீரலில் நீர் கோத்திருக்கும். முன்பே தெரிந்திருந்தால், கருவுறுவதற்கு முன்னரே பலூன் வைத்து வால்வை விரித்திருக்கலாம். 1980-களில் ஜப்பானியர் கஞ்சி இனௌவே கொண்டுவந்த அந்த முறை இப்போது நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிய வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கேட்கும்போதே, ‘சின்ன வயசுல 21 நாளுக்கு ஒருக்கா ஊசி போட்டிருக்கீங்களாம்மா?’ என்று மாமியார் காதில் விழாதபடி ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆம் என்றால் அந்த வாரமே எக்கோ. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பெனிசிலின் பாதுகாப்பானது. விட்டுப்போன ஊசியை அன்றைக்கே மறுபடி தொடங்கலாம்.